என் வீட்டுக்காரர் சொன்ன சாட்சி

அங்கன்வாடி டீச்சருக்குப் பொறுமை அதிகம் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. யாராவது அதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். மையத்தில் ஒரு பிள்ளை முட்டையின் மஞ்சளைத் துப்பும், இன்னொன்று வெள்ளையைத் துப்பும், ஒன்று கேரட்டைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். எது எதைத் துப்பும் என்பது எனக்கு அத்துப்படி. ஒவ்வொன்றையும் மடியில் போட்டு, காக்கா கதை சொல்லி, கெஞ்சிக் கொஞ்சி ஊட்டிவிடுவேன். அப்புறம் எடை போட வேண்டும், போட்டதைப் போனில் ஏற்ற வேண்டும், நெட் கிடைக்காவிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் சத்துமாவு பாக்கெட்டோடு கர்ப்பிணிகள் வீட்டுக்கு நடை. அரியலூரிலிருந்து சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற ரோட்டில் எங்கள் ஊர் இருக்கிறது. சாயங்காலம் வீடு வந்து சேரும்போது புடவை, தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளை பூத்திருக்கும். இருந்த பொறுமையை எல்லாம் மையத்திலேயே செலவழித்துவிட்டு வெறுங்கையோடுதான் வீட்டு வாசலை மிதிப்பேன். உள்ளே தண்ணீர்க் குடம் மூடாமல் கிடந்தால் போதும், ஆரம்பித்துவிடுவேன்.

என் கோபத்துக்குக் கை கிடையாது, வாய்தான். ஒரு ஆளைப் பார்த்தால் அவருக்கு எங்கே சொன்னால் சுருக்கென்று தைக்கும் என்று என் நாக்குக்குத் தானாகத் தெரிந்துவிடும். கொட்டி முடித்ததும் எனக்கு மனசு லேசாகி, டீ போடப் போய்விடுவேன். கேட்டவர்களுக்கு அது லேசாகாது என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. என் வீட்டுக்காரர் அதே ரோட்டில் பங்சர் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க டயரோடு மல்லுக்கட்டுகிறவர். நான் கத்த ஆரம்பித்தால் காற்று இறங்கட்டும் என்று பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அது பழகிவிட்டது. எங்கள் ஒரே மகளுக்குப் பழகவில்லை.

மகளைப் பெரம்பலூரில் கொடுத்திருக்கிறோம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஸ்கூட்டரில் போய் வருவாள். முதல் தடவை உண்டாகியிருந்தபோது வண்டியில் போகாதே என்று நான் தினமும் போன் போட்டு அரித்தெடுத்தேன். சரிம்மா சரிம்மா என்பாள், போவாள். மூன்றாம் மாதம் அது தங்காமல் போய்விட்டது. செய்தி வந்ததும் மையத்தைப் பூட்டிச் சாவியை ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் பஸ் பிடித்து ஓடினேன். வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டுதான் போனேன். வார்டுக்குள் நுழைந்து அவள் முகத்தைப் பார்த்தேன். பக்கத்தில் சம்பந்தியம்மா, அடுத்த கட்டிலில் யாரோ, வாசலில் நர்ஸ். அத்தனை பேர் முன்னால் என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்.

"அன்னைக்கே வண்டியில சுத்தாதேன்னு அடிச்சுக்கிட்டேன்ல, கேட்டியா நீ?"

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு வந்த டாக்டரம்மா, வண்டிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இது யாருக்கும் நடக்கிறதுதான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதற்குள் நான் சொன்னது சொன்னதாகிவிட்டது. அதற்கு அப்புறம் மகள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. போன் செய்தால் அப்பாவிடம் பேசுவாள். கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள், ஆராதனைக்குப் போனோம், பிரியாணி சாப்பிட்டார்கள், மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஏம்மா இப்படி இருக்கே என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அந்த ஒன்றுமில்லையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஜெபித்தேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஒரு வாரம்கூட விடாமல் போனேன். அரியலூரில் கன்வென்ஷன் நடந்தபோது, மாற வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முன்னால் வரலாம் என்று பிரசங்கியார் கூப்பிட்டார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாகப் போனேன். முழங்கால் போட்டு, மூக்கைச் சிந்தி, கோபத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்தேன். உடம்பே பஞ்சாக இருந்தது. அந்த வாரம் தாண்டவில்லை, கேஸ் சிலிண்டர் போட வந்தவனோடு தெருவே கூடுகிற அளவுக்குச் சண்டை. அடுத்த கூட்டத்திலும் முன்னால் போனேன். அதற்கடுத்த கூட்டத்திலும் போனேன். இந்தம்மா இதற்கென்றே வருகிறது என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தது காதில் விழுந்ததும் போவதை நிறுத்திவிட்டேன்.

எனக்குச் சலித்துவிட்டது, அதுதான் உண்மை. மற்றவர்கள் எல்லாம் எழுந்து நின்று, குடித்துக்கொண்டிருந்தேன் விட்டுவிட்டேன், வியாதியாக இருந்தேன் குணமானேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் ஆண்டவரே இழுத்துக்கொண்டே போகிறது என்று அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறேன். நீடிய பொறுமையை ஆவியின் கனி என்றுதான் வேதத்தில் போட்டிருக்கிறது. கனி என்றால் மரத்தில் பிடித்து, காயாகி, பழுக்கிறவரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். நான் மாத்திரையைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். பொறுமை வருவதற்குக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தது. சேதி வந்தது அப்பாவுக்கு. எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். மூன்றாம் மாதம் தாண்டும் மட்டும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் மாதம் ஏற ஏற வேறு கவலை வந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஒன்பதாம் மாதம் ஐந்து வகைச் சோறு கிளறி எடுத்துப் போய், ஜெபம் பண்ணி, மகளை அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். இந்து வீடானாலும் கிறிஸ்தவ வீடானாலும் இதில் வித்தியாசம் கிடையாது. சத்துமாவு கொடுக்கப் போகிற வீடுகளிலெல்லாம், டீச்சர் உங்க பொண்ண எப்பக் கூட்டியாறீங்க என்று கேட்டார்கள். கூட்டியாறணும் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கை வீங்குதா, கால் வீங்குதா என்று பார்க்கிறேன். என் பிள்ளை ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறாள், அவள் கால் வீங்கியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் கடையிலிருந்து வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்த கையையே துடைத்தார். என்ன என்று அதட்டினேன். மகள் இன்னும் அவருக்குப் பாப்பாதான். பாப்பாவுக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், டென்ஷன் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதனால் பிரசவத்தை மாமியார் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறாளாம். எதனால் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். அங்க வந்தா எனக்கு பிரஷர் ஏறும்ப்பா என்று மகள் சொன்னதாகச் சொன்னார்.

தாய் கல்லுக்குண்டாக உயிரோடு இருக்கும்போது மகளுக்கு மாமியார் வீட்டில் தலைப்பிரசவம். நான் அழவில்லை. எனக்கு அழத் தெரிந்திருந்தால் இந்த நிலைமைக்கே வந்திருக்க மாட்டேன். அவரைப் பிடித்துக் கத்தினேன். நீங்கள்தான் செல்லம் கொடுத்துக் கெடுத்தீர்கள் என்று ஆரம்பித்து, கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் வாழை இலை பற்றிச் சொன்னதுவரை போனேன். கத்தி முடித்தபோது இந்தத் தடவை மனசு லேசாகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். எங்கள் சபை சின்னது. தகரக் கூரை, பாயில்தான் உட்காருவோம், ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். நான் எப்போதும் முன்வரிசை. பக்தியால் அல்ல, ஃபேன் அங்கேதான் இருக்கிறது. கொரோனா சமயத்திலிருந்து ஆராதனையை லைவ் போடுகிறார்கள். ஆண்கள் பக்கம் ஒரு ஸ்டாண்டில் போனைச் சொருகி வைத்திருப்பார்கள். பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம். அந்த வாரம் நன்மை பெற்றவர்கள் எழுந்து நாலு வார்த்தை சொல்வார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வீட்டுக்காரர் சாட்சி சொல்லி நான் பார்த்ததில்லை. காணிக்கைப் பை வந்தாலே கூச்சப்படுகிற ஆள். அவர் எழுந்து மைக்கை வாங்கினார்.

"என் வீட்டம்மாவுக்கு இருந்த கோவத்த ஆண்டவர் எடுத்துப்போட்டுட்டாருங்க. இப்ப வூடு சமாதானமா இருக்குது. ஸ்தோத்திரம்."

சபையே அல்லேலூயா என்றது. நான் அன்று காலையில்தான், சட்டையில் கிரீஸ் கறையோடு ஆராதனைக்கு வருகிறீர்களே, நீங்களெல்லாம் ஒரு மனுஷனா என்று அவரைப் போட்டுத் தாளித்திருந்தேன். அந்தக் கிரீஸ் கறையோடுதான் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு கை என் முதுகைத் தட்டிக்கொடுத்தது. இன்னொரு அம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது. என் கோபத்தை எடுத்து ஊர் நடுவில் வைத்து, அது போய்விட்டது என்று வேறு சொன்னால்? எழுந்து, பொய் சொல்லாதீங்க என்று கத்த வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முந்தானையை அள்ளி வாயில் வைத்துக் கடித்தேன். அவர் ஜெபக் குறிப்பு, நன்றி என்று இழுத்து முடிக்கிற மட்டும் கடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பாட்டு ஆரம்பித்தார்கள், நானும் கை தட்டினேன்.

திரும்பும்போது மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, யாரைக் கேட்டு இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். லாரி ஒன்று தாண்டிப் போகட்டும் என்று வண்டியை ஓரம் கட்டினார். புழுதி அடங்கியதும் சொன்னார், சபைக்காகச் சொல்லவில்லையாம். பாப்பா ஞாயிற்றுக்கிழமை லைவ் பார்க்குமாம். அதன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாராம். அது பொய் என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்றேன்.

"நெசமாயிடும்னு சொன்னேன்" என்றார்.

இந்த மனுஷனை என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது. வண்டியை எடுங்க என்றேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பால் ஊற்ற வருகிறவள் ரகசியக் குரலில், எப்படிக்கா போச்சு என்று கேட்டாள். ஒருத்தி தன் வீட்டுக்காரருக்கும் கோபம் அதிகம் என்று அவர் போட்டோவைப் போனில் காட்டி, கை வைத்து ஜெபிக்கச் சொன்னாள். பெண்கள் கூட்டத்தில் பொறுமையைப் பற்றி நான் பேச வேண்டும் என்று பாஸ்டரம்மா ஆள் விட்டார். காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்தேன். தெருவில் குப்பை கொட்டினவளைத் திட்ட வாயைத் திறந்தால், பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும். சாட்சி சொன்னவர் நிம்மதியாக டயர் கழற்றிக்கொண்டிருந்தார், அதைக் காப்பாற்றும் வேலை என் தலையில். நடிக்கிறோமே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் நடிப்போ என்னவோ, அந்த நாட்களில் கொஞ்சம் குறைத்துத்தான் கத்தினேன்.

அடுத்த வாரக் கடைசியில் மகள் அப்பாவுக்குப் போன் செய்தாள். வந்து கூட்டிப் போகச் சொல்லுங்கள் அம்மாவை என்றாளாம். அவர் என்னிடம் சொல்லும்போது கடையில் நின்றிருந்தோம். நான் திரும்பி நின்று டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய்ச் சோறு, எலுமிச்சம்பழச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் நானே செய்தேன். வாடகைக்குக் கார் பிடித்துப் பெரம்பலூர் போனோம். சம்பந்தியம்மா மரியாதைக்குக் குறைவில்லாமல் பேசினார், ஜெபம் நடந்தது, மகளை அழைத்து வந்தோம். கால் வீங்கித்தான் இருந்தது. காரில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் வாயைக் கட்டுவது அதைவிடப் பெரிய பாடு. படுத்துக்கொண்டே போன் பார்த்தாள். கீரையை ஒதுக்கினாள். மல்லாந்து படுத்தாள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு வார்த்தை தயாராக இருந்தது. கொல்லைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பேன். தினமும் காலையில் ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி அவள் பக்கத்தில் வைப்பேன். அது வைத்த இடத்திலேயே ஆறிப்போய் இருக்கும். எடுத்துக் கொட்டுவேன். மறுநாளும் வைப்பேன், மறுநாளும் கொட்டுவேன். அவளும் என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று நினைக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும், என் வாய் எப்போது வெடிக்கும் என்று காது கொடுத்துக் காத்திருந்தோம்.

அன்றைக்கு மையத்தில் காலையிலிருந்து போனில் எடை ஏறவில்லை. மேல் ஆபீஸிலிருந்து வந்த மேடம் பிள்ளைகள் முன்னாலேயே என்னைச் சத்தம் போட்டுவிட்டுப் போனார். வெயிலில் நடந்து, லாரிப் புழுதியில் குளித்து, தலைவலியோடு வீட்டுக்குள் வந்தேன். காலையில் நான் வைத்துவிட்டுப் போன பால் டம்ளர் அப்படியே இருந்தது. மேலே மஞ்சளாக ஆடை படிந்து, ஓரத்தில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"ஊர்ல இருக்கிற கர்ப்பிணிக்கெல்லாம் நான் குடுக்கிற சத்துமாவு எறங்குது, உனக்கு ஒரு டம்ளர் பால் எறங்கலையா? போன தடவ பட்டது போதாதா?"

கடைசி வார்த்தை வாயை விட்டுப் போனதை நானே பார்த்தேன். பிடித்து உள்ளே இழுக்க முடிந்தால் இழுத்திருப்பேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள், கொடியில் கிடந்த நைட்டியை எடுத்து மடித்து வைக்க ஆரம்பித்தாள். அவர் கடையில் இருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. எதை வைத்துச் சொல்வது? ஜெபிக்கக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு களைப்பு. பேசினால் இனி உண்மையைத்தான் பேச முடியும் என்று தோன்றியது.

"உங்க அப்பா சபையில சொன்னது பொய்யிடி. எனக்குக் கோவம் போகல. போகணும்னு நானும் எத்தனையோ நாளாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். போக மாட்டேங்குது. ஆஸ்பத்திரியில அன்னைக்குச் சொன்னது தப்பு. இப்பச் சொன்னதும் தப்பு. உங்க வூட்டுக்கே போறதுன்னா அப்பாவ கார் பிடிக்கச் சொல்றேன், பஸ்ஸுல போகாத."

மகள் மடிப்பதை நிறுத்தினாள். கட்டிலின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"பொய்யின்னு தெரியும்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அப்பா சொன்னதக் கேட்டு நான் வரலம்மா. அப்பா அதச் சொல்றப்ப நீ முந்தானைய வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு இருந்த. லைவ்ல நல்லாத் தெரிஞ்சுது. எந்திரிச்சுக் கத்தப்போறன்னுதான் நெனச்சேன். கத்தல. கடைசி வரைக்கும் ஒக்காந்திருந்த. அதப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

ஸ்டாண்டில் சொருகின போனில் பெண்கள் பக்கத்து முன்வரிசையும் விழும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் தோற்றுப்போன நாள் என்று நினைத்துக்கொண்டிருந்ததை அவள் பெரம்பலூரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. முந்தானையைத்தான் மறுபடி வாய்க்குக் கொண்டுபோனேன். அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது, உறுதியாகச் சொல்ல முடியாது.

பிறகு அவள்தான் பேசினாள். பாலில் ஆடை இருந்தா எனக்குக் கொமட்டும், சின்ன வயசுலேருந்தே அப்படித்தானே, மறந்துட்டியா என்றாள். மையத்தில் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் எது தொண்டையில் இறங்காது என்று தெரிந்து வைத்திருக்கிறவள், பெற்ற பிள்ளையிடம் ஏன் குடிக்கவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நான் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். புதுப் பாலைக் காய்ச்சி, டீ வடிகட்டியில் ஊற்றி எடுத்து வந்தேன். அவள் குடித்தாள். பையில் வைத்ததை வெளியே எடுக்கவில்லை. பையை மூடாமல் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வடிகட்ட மறந்துவிட்டேன். அவள் டம்ளரை என் பக்கம் நீட்டினாள், வாங்கிக்கொண்டு போனேன். அதற்கு மறுநாள் அவள் நீட்டுவதற்கு முன்னாலேயே வடிகட்டி வைத்திருந்தேன்.